ஒயின் இல்லாத திராட்சை ஊருக்கு ஒரு குட்டியானைப் பயணம்

'சைட்வேஸ்' என்று 2004-இல் ஒரு ஆங்கிலப் படம் வந்தது. இரண்டு நண்பர்கள் காரை எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவின் மலைப் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாகப் போய் ஒயின் ருசி பார்ப்பார்கள். நடுநடுவே நன்றாகச் சாப்பிடுவார்கள், சண்டை போடுவார்கள். ஹாஸ்டலில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "வாழ்ந்தா இப்படி வாழணும்டா" என்று பெருமூச்சு விட்ட ஒரு பிகாம் மாணவனின் கதை இது.

பையனுக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டி. ஆயுத பூஜை லீவுக்கு வந்தவனுக்கு அதே மாதிரி ஒரு பயணம் வாய்த்தது. காருக்குப் பதில் குட்டியானை, நண்பனுக்குப் பதில் தாய்மாமா. மாமாவுக்குப் பழக்கடை. பூஜை நேரத்தில் பன்னீர் திராட்சை நன்றாகப் போகும் என்பதால் தோட்டத்திலேயே போய் எடுத்து வரக் கம்பம் கிளம்பினார். "சும்மா படுத்துக் கெடக்குறதுக்கு வண்டில ஏறு மாப்ள. கணக்குப் படிக்கிறேல்ல, கணக்கு எழுது" என்றார். அவ்வளவுதான்.

விடியுமுன் கிளம்பினால் முதலில் பேரையூர், எழுமலை, உசிலம்பட்டி. இந்தப் பக்கம் எல்லாம் மானாவாரி. பருத்தி, மக்காச்சோளம், கம்பு. வானம் பார்த்த பூமி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அது இதுதான். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி ஏறி இறங்கும்போதுதான் காட்சி மாறத் தொடங்குகிறது. தூரத்தில் நீலமாக ஒரு சுவர் மாதிரி மலை. ஆண்டிபட்டியில் மல்லிகைப்பூ மூட்டைகள், அப்புறம் காற்றாலைகள், அப்புறம் தேனி. அங்கே இட்லிக்குக் குடல் குழம்பு. படத்தில் வந்தவர்கள் இதைச் சாப்பிட்டிருந்தால் ஒயினை மறந்திருப்பார்கள் :-)

தேனியிலிருந்து கம்பம் வரை சுமார் 40 கிலோமீட்டர். இந்தப் பாதையை எப்படிச் சொல்வது? இடது பக்கம் மேகமலை, வலது பக்கம் கேரளத்து ஏலமலை, நடுவில் பச்சை. வீரபாண்டியில் முல்லையாறு குறுக்கே வருகிறது. சின்னமனூரில் வாழை. உத்தமபாளையம் பக்கம் முதல் போகம் அறுத்த வயல்களில் வாத்துகள். போடிப் பக்கமிருந்து வரும் ஜீப் கடந்து போனால் ஏலக்காய் வாசனை வருகிறது என்று பையன் சொன்னான். அது டீசல் வாசனை என்று மாமா சொன்னார்.

"எப்படி மாமா இங்க மட்டும் இவ்வளவு தண்ணி?" என்று பையன் கேட்டதற்கு மாமா பதில் சொல்லவில்லை. வண்டியை கம்பத்தில் நிறுத்தாமல் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரை விட்டார். மலை உச்சியிலிருந்து பெரிய பெரிய குழாய்கள் அடிவாரம் வரை இறங்கி வருவதைக் காட்டினார். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் அது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, மின்சாரம் எடுக்கப்பட்டு, முல்லையாறாகப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. இங்கே மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. மிச்சம் வைகை அணைக்குப் போய் மதுரை, மேலூர் வரை பாய்கிறது. லோயர் கேம்பில் 2013-இல் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபமே கட்டியாகிவிட்டது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கும் ஊர் இது.

"அந்தத் தண்ணி நம்ம ஊருக்கு வராது மாப்ள. பழமாத்தான் வரும்" என்றார் மாமா.

சரி, திராட்சைக்கு வருவோம். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். குனிந்து உள்ளே போனால் வெளியே இருக்கும் வெயில் காணாமல் போய்விடுகிறது. மேலே கருநீலக் கொத்துகள் தொங்குகின்றன. இந்தப் பழத்தின் ஆங்கிலப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. கவாத்து செய்து நாலு மாதத்தில் பழம் வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் வருஷம் முழுக்க எங்காவது வெட்டு நடக்கும். ஜூஸ், ஜாம், ஒயின் எல்லாவற்றுக்கும் ஏற்ற பழம்.

ஆனால் படத்தில் வருவது போல ஒயினை ருசி பார்க்கும் இடம் எங்கே? இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். விவசாயி தன் பழத்தைப் பிழிந்து பாட்டிலில் அடைத்துத் தோட்டத்து வாசலில் விற்க முடியாது. பெரும்பாலும் வெட்டிய பழம் வெட்டியபடியே போக வேண்டும். அதுவும் மூன்று நாலு நாளில். தோல் மெல்லிசு, நிற்காது.

தோட்டக்காரர் கிலோ 45 சொன்னார். மாமா 40 என்றார். 42-இல் நின்றது. பையன் செல்போனில் கணக்குப் போட்டான். 20 பெட்டி, பெட்டிக்கு 20 கிலோ, ஆக 400 கிலோ. 16,800 ரூபாய். டீசல், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து 1,700. மொத்தம் 18,500. பத்து சதவீதம் வீணானாலும் 360 கிலோவை 80-க்கு விற்றால் 28,800. லாபம் 10,300!

அந்த நேரம் பார்த்து மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் வெடித்துவிடும். தோட்டக்காரர் பந்தலைப் பார்க்காமல் வானத்தையே பார்க்க ஆரம்பித்தார்.

பையன் மாமாவின் காதில் சொன்னான். "மாமா, இப்ப 35-க்குக் கேளுங்க. கொடுத்துருவாரு. 2,800 மிச்சம்."

மாமா பணத்தை எண்ணிக்கொண்டே இருந்தார். 42 கணக்குக்கே கொடுத்தார். "அண்ணே, சீக்கிரம் வெட்டச் சொல்லுங்க, மழை வருது" என்றார். "வந்துருச்சு தம்பி" என்று அவர் ஆட்களை விரட்டினார். கடைசி நாலு பெட்டிக்குப் பையனும் கத்தரிக்கோல் பிடித்தான்.

திரும்பும் வழியில் பையன் பேசவில்லை. டிமாண்ட், சப்ளை என்று இரண்டு வருஷம் படித்தவனுக்கு அந்த 2,800 உறுத்தியது. தேனி தாண்டி மாமாவே ஆரம்பித்தார்.

"போன சித்திரைல பழமே இல்ல. கேரளா வண்டி அறுபதுக்கு எடுத்துட்டு நிக்கிறான். இவரு எனக்குப் பத்துப் பெட்டி எடுத்து வச்சிருந்தாரு. இன்னிக்கு மேகத்தைக் காட்டி நான் கொறச்சா, அன்னிக்கு அவரு வெயிலக் காட்டி ஏத்துவாரு. அதுவும் கணக்குத்தான் மாப்ள."

டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் படித்த ஆடிட்டர். ஒரு பொருளை வாங்குகிறவன் அது எப்படி உண்டானது என்பதற்கும் பொறுப்பாளி என்று எழுதியவர். பையன் தினமும் அந்த ஆசிரமத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன்தான். அவர் எழுதியதை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. மாமாவும் படித்ததில்லை.

முதல் இரண்டு நாள் கடையில் 280 கிலோ போனது, கிலோ 80. மூன்றாம் நாள் கல்லுப்பட்டியிலும் மழை. ஆள் நடமாட்டமே இல்லை. சாயங்காலம் ஒரு அம்மா வந்து கொத்தைத் தூக்கிப் பார்த்தார். "தண்ணி விட ஆரம்பிச்சிருச்சே தம்பி, நாப்பதுன்னா ரெண்டு கிலோ போடு."

கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் பையன்தான். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, வெளியே வானத்தைப் பார்த்தான். பிறகு போட்டுக் கொடுத்தான். அப்படி 60 கிலோ 40-க்குப் போனது. இன்னொரு 60 கிலோ ஆட்டுக்கும் குப்பைக்கும் போனது. ராத்திரி நோட்டில் எழுதினான். வரவு 24,800. செலவு 18,500. மிச்சம் 6,300. மூன்று நாள், இரண்டு ஆள் கூலி அதில் கழிக்கவில்லை.

"35-க்கு வாங்கியிருந்தா 9,100 மாமா" என்றான் சிரித்துக்கொண்டே.

"ஆமா" என்றார் மாமா. "அடுத்த வாரம் நீயே போய்க் கேளு."

அடுத்த வாரம் காலேஜ் திறந்துவிட்டது. ஆனால் தோட்டக்காரர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறான். கம்பத்தில் மழை என்று செய்தி வந்தால் போன் போட்டு "பழம் தப்பிச்சுச்சாண்ணே?" என்று கேட்கிறானாம்.