அம்மா கேட்ட கேள்வி

முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் வாழும் இம்மூன்றாண்டுகளில் நேப்பியர் அருங்காட்சியகத்திற்குப் பலமுறை சென்றுள்ளேன். சென்ற ஞாயிறன்றுதான் அம்மாவை முதன்முறையாக அழைத்துச் சென்றேன். அம்மாவின் ஊர் கல்குளம் வட்டம். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர் மரபில் வந்த நிலம். ஆகவே அங்கே காட்சிக்கு இருப்பது எங்கள் வரலாறும்தான்.

1880இல் நிறைவுற்ற அக்கட்டடத்தை வடிவமைத்தவர் இராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லமும் அவர் கைவண்ணமே. வண்ணச் செங்கற்களையும் கேரளக் கூரையமைப்பையும் அம்மா வியந்து பார்த்தார். செப்புத் திருமேனிகளையும் தந்தச் சிற்பங்களையும் கண்டபின் தோட்டத்து மரநிழலில் சற்று அமர்ந்துவிட்டு, இரவிவர்மாவின் ஓவியங்களைக் காணச் சென்றோம்.

அன்னத்தோடு நிற்கும் தமயந்தியின் முன் அம்மா நெடுநேரம் நின்றார். அச்சிவப்புச் சேலையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், மெல்லக் கேட்டார்: "மக்களே, இதுல நம்ம ஆளுவ யாராவது உண்டா?"

விடை சொல்ல இயலவில்லை. ஆண்டுகள் மட்டுமே நினைவில் ஓடின. நாடார் பெண்கள் மேலுடை அணியலாம், ஆயினும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற அரச அறிவிப்பு வெளிவந்தது 1859 சூலையில். அப்போது இரவிவர்மாவுக்கு வயது 11. அவ்வளாகத்தின் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் 1935இல் திறக்கப்பட்டது. ஆலய நுழைவுப் பிரகடனம் வந்ததோ 1936 நவம்பரில். இரண்டும் ஒரே மன்னர் காலத்தவை.

ஓவியரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தமக்கு வாய்த்த உலகை அவர் வரைந்தார். ஆனால், ஒரு துணியைத் தோளில் இடுவதற்காக அடிபட்ட பெண்களின் உருவத்தை வரைய அக்காலத்தில் எவரும் முன்வரவில்லை. அவர்கள் எஞ்சியிருப்பது மறைப்பணியாளர் கடிதங்களிலும் அரசாணைகளிலும்தான். அங்கும் பெரும்பாலும் பெயரின்றி.

இதை அருங்காட்சியகத்தின் குறையாக மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. திருவிதாங்கூர் சமூக வரலாற்றை ஆராயும் என் ஆய்வேட்டிலும் தோள்சீலைப் போராட்டம் இரண்டாம் இயலில் ஓர் அடிக்குறிப்பாகவே இருக்கிறது. ஏற்கெனவே பலர் எழுதிய பொருள் என்று நானே ஒதுக்கிவைத்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அந்த அடிக்குறிப்பை ஓர் இயலாக விரிக்கும் பணியை நேற்றுத் தொடங்கியிருக்கிறேன். ஆவணக் காப்பகங்களில் இப்பெண்களின் பெயர்களைக் கண்ட ஆய்வாளர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.