வாய் திறந்த சித்தாள்

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தோல் தைக்கும் பெண்ணொருத்திக்கு மிகவும் பிடித்த திரைப்படம், பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). பாடல்களே இல்லாத படம் அது. சுதாவாக நடித்த அர்ச்சனா தேசிய விருது பெற்றார். கடன்பட்டு வீடு கட்டும் சுதாவை ஏமாற்றி, ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் திருடுகிறார். அதை வெளிப்படுத்துபவள் கட்டடவேலை செய்யும் ஏழைச் சித்தாள்.

“கடைசியில் வீடே கைக்கு வராத கதை! அதை ஏனம்மா திரும்பத் திரும்பப் பார்க்கிறாய்?” என்றாள் மகள்.

“வேலை போய்விடுமே என்று அஞ்சாமல் அந்தச் சித்தாள் வாய் திறந்தாளே, அதற்காகத்தான்.”

பத்தாண்டுகளாக எதையும் கேட்டறியாத அத்தாய், அம்மாதச் சம்பளத்தில் விடுபட்டிருந்த மிகைநேரக் கூலியை மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டாள். குரல் நடுங்கியது; ஆனாலும் கேட்டாள்.