கடலிலிருந்து கம்பளம் வரை

மாயா டெரன் ஸ்மித் கல்லூரியில் ஆங்கில இலக்கிய முதுகலைப் பட்டம் பெற்றது 1939இல். 1943இல் கணவர் அலெக்சாண்டர் ஹாமிடுடன் 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' என்னும் மௌனப்படத்தைத் தம் இல்லத்திலேயே எடுத்தார். அதே கல்லூரியில், இரண்டாமாண்டு முடிவதற்குள் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தாக வேண்டிய நிலையில், அதைக் கண்டேன். வீட்டார் எதிர்பார்த்திருந்ததோ பொருளியலை.

படத்தில் டெரனே கத்தியேந்தி நடக்கிறார். ஓரடி கடல்மணலில், அடுத்தது புல்லில், பின்னர் நடைபாதையில், இறுதியில் கம்பளத்தில். கடற்கரை வீட்டுக்குள் வந்துவிடுகிறது! கத்தரியும் பசையும் செய்த வேலை. இலக்கணம் கற்பிப்பதுபோல் ஒவ்வொரு வெட்டையும் ஆசிரியை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். மாணவியர் எவரும் அசையவில்லை.

"இதைப் படித்தால் பிழைப்பு உண்டா?" என்று தந்தை மடல் எழுதியிருந்தார். (நியாயமான கேள்விதான், கட்டணம் அவருடையது.) "தெரியவில்லை, அப்பா. பாடத்தைப் பதிந்துவிட்டேன்" என்று மறுமடல் விடுத்தேன்.