வெள்ளாற்றங்கரையில் ஒரு தடம்

ஆற்றோரமாக மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சென்று தொன்மைச் சின்னங்களைக் கண்டு வரத்தக்க பாதை ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்திற்கு வேண்டும் என்று நாம் பேசும்போதெல்லாம், 'ஆறு எங்கே இருக்கிறது?' என்று யாரேனும் கேட்டுச் சிரிப்பதுண்டு. கேள்வியில் நியாயம் உண்டு. நம் வெள்ளாறு மழைக்காலம் தவிர்த்து ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. ஆயினும் சோழ நாட்டையும் பாண்டிய நாட்டையும் பிரித்து நின்ற ஆறு அது. அதன் வடபால் கோனாடு என்றும் தென்பால் கானாடு என்றும் வழங்கினர் முன்னோர்.

நடைப் பயணம் இம்மண்ணுக்குப் புதியதன்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடந்தபோது, கொடும்பாளூர் நெடுங்குளத்தை அடைந்தால் வழி மூன்றாகப் பிரியும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. வழிக்கு அடையாளமாக அங்கே சொல்லப்பட்டது குளம் என்பதைக் கவனிக்க வேண்டும். மழை நீரைத் தேக்கி வாழ்ந்த நாடு இது. எனவே நம் பாதையும் ஆற்றை மட்டும் பற்றிக்கொண்டு செல்ல இயலாது. ஏரிக்கரைகளையும் கண்மாய்க் கரைகளையும் வரத்து வாய்க்கால்களையும் தொட்டுச் செல்ல வேண்டும்.

அவ்வாறு சென்றால் காணக் கிடைப்பவை எத்தனை! கொடும்பாளூரில் இருக்குவேளிர் எழுப்பிய மூவர் கோயிலின் மூன்று தளிகளுள் இரண்டே எஞ்சி நிற்கின்றன. குடுமியான்மலையில் இசையைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். சித்தன்னவாசலில் சமணத் துறவியர் துயின்ற கற்படுக்கைகளும், அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளமும் உள்ளன. விராலிமலைப் பக்கம் திரும்பினால் ஆவூர்; மதுரை மிஷன் குருக்கள் கால் தேய நடந்த காலத்து ஊர்.

சென்ற மாசியில் நாம் சிலர் கொடும்பாளூரிலிருந்து குடுமியான்மலை வரை மிதிவண்டியில் சென்று பார்த்தோம். கல் ஏற்றிவரும் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதி நேரம் கழிந்தது. தேநீர்க் கடையில் நம் நோக்கத்தைக் கேட்ட மூதாட்டி ஒருவர், "எந்தப் பாதை போட்டாலும் எங்க பிள்ளைக பள்ளிக்கூடம் போற பக்கமாப் போடுங்கய்யா" என்றார். தாம் அறிவொளியில் சைக்கிள் பழகியவர் என்பதையும் பெருமையோடு சொன்னார்.

அந்த ஒரு சொல் நம் திட்டத்தையே திருப்பிப் போட்டது. 1991-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்ற பெண்களின் மாவட்டம் அன்றோ இது! கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைப்போரும் செவிலியரும் ஓட்டப் பழகினர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினர். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்து, புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தனர். அவர்களுடைய பேத்திகள் இன்று அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில், அதே லாரிகளுக்கு ஒதுங்கிப் பள்ளிக்குச் செல்கிறார்கள்.

சுற்றுலாப் பாதை என்றாலே வண்ணக்கல்லும் அலங்கார விளக்கும் நுழைவுச் சீட்டும்தாம் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நமக்கு அவற்றில் ஆர்வமில்லை. நிழலும் குடிநீரும், லாரி நுழையாதபடி நட்ட நான்கு கற்களும் போதும். கோயிலைக் காண வருபவர் வாரத்தில் ஒரு நாள் வருவார். பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர் அன்றாடம் போவார். பாதையின் வளைவுகளை அவர்களைக் கேட்டே வரைய வேண்டும்.

இதற்கு வாய்ப்பும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மொத்தம் 262 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 118 கிலோமீட்டர் கொண்ட முதற்கட்டம் நம் தெற்கு வெள்ளாற்றில் வந்து முடிகிறது. வெட்டி முடித்த பின் கரையில் இடம் கேட்பது கடினம். மிதிவண்டி செல்லும் அகலத்தை ஒரு பக்கக் கரையிலாவது விடும்படியும், வெயில் தாங்கப் புங்கும் மருதும் நடும்படியும் ஊராட்சிகளின் கிராமசபைகளில் இப்போதே தீர்மானம் எழுதிக் கொடுக்கலாம்.