இரண்டு பற்றரிகள்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் உள்ள கார்கில்ஸ் கட்டடத்துக்குப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே நுழைந்தவர் நேராகச் சவர்க்காரத் தட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். ஒன்றை எடுத்து முகர்ந்து வைத்தார். அடுத்ததை எடுத்தார். "இவ்வளவும் சவுக்காரமோ மோனை?" என்றார். குரலில் வியப்பைவிட வருத்தம் கூடுதலாக இருந்தது.

நான் அன்றுதான் கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வந்து இறங்கியிருந்தேன். 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட காலத்தின் முதற்பகுதியை நான் சிறுவனாக இங்கேயே கழித்தேன். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், சீமெந்து, பசளை, பற்றரி எதுவும் வராது. சவர்க்காரம் யானை விலை. பெரியம்மா பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்தார். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரி போட்டு எரித்த வெளிச்சத்தில் நான் படித்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். பிபிசி தமிழோசைக்காக முற்றம் முழுக்க ஆட்கள் கூடுவார்கள். பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின.

1993இல் பெரியம்மாவும் நானும் வவுனியாவுக்குப் போனோம். ஆனையிறவுப் பாதை மூடியிருந்ததால் கிளாலியிலிருந்து இரவில் கடல்நீரேரி வழியே வள்ளம். அந்த ஆண்டு பிறந்த இரண்டாம் நாளே அதே கடல்நீரேரியில் பயணிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். இயந்திரப் படகொன்று பல வள்ளங்களை ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டி இழுத்தது. யாரும் கதைக்கவில்லை. பெரியம்மா என் கையை விடவேயில்லை. அக்கரையில் ட்ராக்டர், பிறகு தாண்டிக்குளம் சோதனைச்சாவடி வரை நடை.

வவுனியாவில் ஒரு கடை வாசலில் குண்டு பல்ப் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. அணைக்கச் சொல்ல வேண்டும் போல் எனக்குப் பதறியது. கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து சோடா எடுத்துத் தந்தார். குடிக்காமல் போத்தலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பெரியம்மா இரண்டு ரோர்ச் பற்றரி வாங்கிப் பைக்குள் சேலை மடிப்பில் வைத்தார். திரும்பி வரும்போது சோதனையில் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ரொறன்ரோவில் இருக்கும் உறவினரோடு பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் பகுதிக்குப் போனேன். அங்கே பேரங்காடியின் கார்த் தரிப்பிடத்தில் குதிரை வண்டிகளும் நின்றன. நவீன வசதிகளைத் தாமே மட்டுப்படுத்திக்கொள்ளும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களின் வண்டிகள். பெரும்பாலான ஆமிஷ் வீடுகளுக்கு ஊர் மின்கம்பி வராது. ஆனால் பற்றரி இருக்கும். தொலைபேசி வீட்டுக்கு வெளியே சிறு கொட்டிலில். எதை உள்ளே விடுவது, எதை வாசலில் நிறுத்துவது என்பதை அந்தந்தச் சபையார் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் சிலகாலம் வெளியுலகைத் தொட்டுப் பார்க்கலாம். பெரும்பாலானோர் பிறகு திரும்பிவந்து ஞானஸ்நானம் பெறுகிறார்கள்.

அந்த வண்டிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் தடைக்காலத்தை எளிமையின் பொற்காலமாகச் சொல்லுகிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். டைனமோ ரேடியோ அழகான கதைதான். ஆனால் பற்றரி வேண்டாமென்று எங்கள் ஊர் கூடி முடிவெடுக்கவில்லை. வேறு யாரோ முடிவெடுத்தார்கள்; இன்சுலின் குளிராக இருக்க வேண்டிய வீடுகளிலும் இருட்டுத்தான் இருந்தது. ஆமிஷ் தாய் ஒருத்தி அங்காடியைக் கடந்து போவதும் என் பெரியம்மா பனம்பழம் பிசைந்ததும் ஒன்றல்ல.

கார்கில்ஸில் பெரியம்மா நகரும் படியில் கால்வைக்க மறுத்து, பக்கத்துப் படியால் ஏறினார். மேலே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். "ஒண்டும் வேண்டாம், பாத்தால் காணும்" என்றார். கீழே வந்ததும் மனம் மாறி, ஒரு சவர்க்காரமும் இரண்டு பற்றரியும் எடுத்தார். வீட்டில் ரோர்ச் இல்லையே என்றேன்.

"இருக்கட்டும்" என்றார். ஓட்டோவில் வரும்போது அவற்றைப் பைக்குள் வைக்கவில்லை. மடியில், எல்லோரும் பார்க்க, வைத்துக்கொண்டு வந்தார்.