பழைய வண்டியும் பழைய வழக்கமும்

பழமையைக் கண்டிக்கும் நாம், கிள்ளானில் பழைய மோட்டார் வண்டியைச் செப்பனிடுவது முரணன்றோ என்று தோழர் சிலர் கேட்கின்றனர். அவ்வண்டி, 1985 ஜூலையில் வெளிவந்த நாட்டின் முதல் தேசிய வண்டியாகிய புரோட்டோன் சாகா. மிட்சுபிஷி லான்சரைத் தழுவி, அருகிலுள்ள ஷா ஆலத்தில் உருவானது. அதை நாம் பூசிக்கவில்லை, சோதிக்கின்றோம். வர்ணத்தைச் சுரண்டி, துருப்பிடித்த தகட்டை வெட்டியெறிந்து, புதியதைப் பற்றவைக்கின்றோம். உறுதியானதைப் பழையதென்று கழிப்பதுமில்லை. உளுத்ததை முன்னோர் தந்ததென்று காப்பதுமில்லை.

பிரிக்ஃபீல்ட்சுக்கு நாடோறும் ஓட்டும் வண்டிக்கும் இதுவே விதி. அதில் நாம் முதலில் மாற்றியவை டயரும் பிரேக்குமே. சிலரோ, அதிரும் புகைக்குழாய்க்கு வெள்ளியை வாரியிறைத்துவிட்டு, தேய்ந்த டயரின் கீழ் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்படுகின்றனர்! அப்பழம் வண்டியை நிறுத்துமா? பின்னிருக்கைக் குழந்தையைக் காக்குமா? காக்கக்கூடிய இருக்கைப் பட்டையைப் பின்னிருக்கைக்கும் 2009-ல் சட்டம் கட்டாயமாக்கிய பின்னரும், அதை அணியச் சோம்புவோர் எத்தனை பேர்!

வண்டியைப் பாகம் பாகமாய்ப் பிரித்துப் பார்க்கும் துணிவுடைய கைகள், வழக்கத்தைப் பிரித்துப் பார்க்க மட்டும் நடுங்குவானேன் என்று கேட்கின்றோம்.