கேட்டுவிட்டுக் காத்திருக்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் புலத்தாருக்கு,



உங்கள் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து இரண்டு ஆண்டுகள் முதுகலை படித்துவிட்டுப் போன மாணவி நான். பட்டம் வாங்கிய அன்றே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. ஆனால் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்பது அன்று எனக்கே தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து, முன்பின் தெரியாத மனிதர்கள் எதிரே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. நாலு பேர் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்கு வருவதற்கு முன், ஊரில் ஒரு கணக்கெடுப்பு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை பார்த்தேன். வீட்டுக்கு அரை மணி நேரம், நாற்பது கேள்வி. ஒரு மதியம் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், "வீட்டுல மொத்தம் எத்தனை பேரு பாட்டி?" என்று கேட்டேன். அவர் இறந்துபோன மகனிலிருந்து எண்ணத் தொடங்கினார். அவன் எப்படிப் போனான் என்று சொல்ல வாயெடுத்தார். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. "அது இருக்கட்டும் பாட்டி, இப்ப இருக்கிறவங்க எத்தனை பேரு?" என்றேன். "மூணு" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வந்தது. படிவம் சுத்தமாக நிரம்பியது. மேற்பார்வையாளர் பாராட்டினார்.

நான் செய்தது என்னவென்று எனக்குப் புரியவைத்தது உங்கள் புலம். உங்களிடம் படிக்கும் மாணவர்கள் பாடம் கேட்பதோடு நிற்பதில்லை. 'லேர்ஃபோர்ஷுங்' என்று நீங்கள் சொல்லும் முறையில், ஆசிரியரோடு சேர்ந்து மாணவர்களும் களத்துக்குப் போய், ஒரு கேள்வியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தாங்களே ஆராய வேண்டும். அந்த வகுப்பில்தான் விவரிப்பு நேர்காணல் என்ற முறை எனக்கு அறிமுகமானது. 1970களில் ஃபிரிட்ஸ் ஷூட்ஸ உங்கள் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை அது. அந்நாளில் சிறிய ஊராட்சிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இணைப்பு எப்படி நடந்தது என்று உள்ளூர் அரசியல்வாதிகளிடம் கேட்கப் போனவர் அவர். நேரடியாகக் கேட்டால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். நடந்ததைக் கதையாகச் சொல்லச் சொன்னால், சொல்ல நினைக்காததும் தானே வெளியே வந்துவிடும் என்று கண்டார்.

முறை எளிது, செய்வதுதான் கடினம். ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிறகு பேசுபவர் தானாக முடிக்கும் வரை குறுக்கிடக் கூடாது. 'ம்' கொட்டலாம், தலையசைக்கலாம், அவ்வளவுதான். முடித்த பிறகும், அவர் சொன்னதற்குள்ளிருந்துதான் அடுத்த கேள்வி வர வேண்டும். 'ஏன்' என்ற கேள்விக்குக் கடைசியில்தான் இடம். என் முதல் ஒலிப்பதிவை வகுப்பில் போட்டுக் கேட்டோம். எதிரே இருந்தவர் மூச்சு வாங்கிய ஒவ்வோர் இடத்திலும் நான் புகுந்து பேசியிருந்தேன். பேராசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பதிவை நிறுத்தி, "இந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குத் திண்ணைப் பாட்டி நினைவுக்கு வந்தார்.

இந்தப் பொறுமை ஒரு தனி ஆசிரியரின் குணம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் புலத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது அந்த இடத்தின் அடித்தளத்திலேயே போடப்பட்டது என்று தெரிந்தது.

ஜெர்மனியில் சமூகவியல் பெரும்பாலும் வேறொரு பெரிய புலத்துக்குள் ஒரு துறையாக ஒண்டுக்குடித்தனம் நடத்தும். பீலெஃபெல்டில் அதற்குச் சொந்த வீடே கிடைத்தது. 1969இல் பல்கலைக்கழகம் திறந்தபோது சட்டம், கணிதம், சமூகவியல் ஆகிய மூன்றோடுதான் பாடங்கள் தொடங்கின. அதைத் திட்டமிட்டவர் ஹெல்முட் ஷெல்ஸ்கி என்ற சமூகவியலர். பேராசிரியர்கள் ஓர் ஆண்டு கற்பிக்கட்டும், மறு ஆண்டு ஆராயட்டும் என்பது அவர் கனவு. அந்தக் கனவு அவர் வரைந்தபடி நிற்கவில்லை. புலத்தோடு முரண்பட்டு 1973இல் அவரே வெளியேறினார். அவர் இளமையில் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நீங்களும் மறைப்பதில்லை. ஆனாலும், சிந்தனைக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்று அவர் நட்ட வித்து வேறு கைகளில் வளர்ந்தது.

அதில் முதல் கை நிக்லாஸ் லூமானுடையது. சட்டம் படித்து அரசு அலுவலராக இருந்தவர். சமூகவியலில் முனைவர் பட்டம், பேராசிரியராவதற்கான தகுதி இரண்டையும் 1966 என்ற ஒரே ஆண்டில் பெற்று, 1968இல் உங்கள் பல்கலைக்கழகத்தின் முதல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். ஆய்வுத் திட்டம் என்ன என்று கேட்டபோது சமூகத்தைப் பற்றிய கோட்பாடு என்றும், அதற்கு 30 ஆண்டுகள் ஆகும் என்றும், செலவு எதுவும் இல்லை என்றும் சொன்னாராம். இன்று எந்த அலுவலகத்தில் அப்படி ஒரு விண்ணப்பத்தை நீட்ட முடியும்? நீங்கள் அந்த 30 ஆண்டுகளைக் கொடுத்தீர்கள். அவரும் சொன்ன சொல் தவறவில்லை. 1984இல் சமூக அமைப்புகள் பற்றிய பெருநூலும், 1997இல் சமூகத்தைப் பற்றிய முழுக் கோட்பாடும் வந்தன. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்புத் தாள்கள் ஏறத்தாழ 90,000. பெரும்பாலும் கைப்பட எழுதியவை. அவற்றைத் தலைப்புவாரியாக அவர் அடுக்கி வைக்கவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் கொடுத்தார். ஒரு தாளிலிருந்து புது எண்ணம் கிளைத்தால், அந்த எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்து, புதுத் தாளை அதன் பின்னாலேயே செருகினார். ஒரு தாள் எங்கோ இருக்கும் இன்னொரு தாளைச் சுட்டும். பல ஆண்டுகள் போன பிறகு, தான் மறந்துபோனதை அந்தத் தாள்கள் அடங்கிய பெட்டி அவருக்கே எடுத்துச் சொல்லும். தன் பெட்டியோடு உரையாடுவதாகவே அவர் எழுதினார். 2011இல் அதை நீங்கள் பெற்றீர்கள். 2015இலிருந்து ஒவ்வொரு தாளாகப் படியெடுத்து, எழுத்தைப் பிரித்துப் படித்து, உலகத்தில் யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றி வருகிறீர்கள். அதற்கும் 2030 வரை தவணை வைத்திருக்கிறீர்கள். ஊரில் ஓலைச்சுவடி பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் கைம்மாறு நெஞ்சைத் தொட்டது. ஒருவரை எழுத விட்டவர்களே, அவர் எழுதியதைக் காக்கவும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் உங்களை லூமானின் புலம் என்று மட்டும் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவரோடு ஒத்துப்போகாதவர்களுக்கும் அதே கூரையின் கீழ் நாற்காலி போட்டீர்கள். ஃபிராங்க்ஃபர்ட் மரபிலிருந்து வந்த கிளவுஸ் ஓஃப, 1975 முதல் 1988 வரை உங்களோடு இருந்து நலவாழ்வு அரசின் முரண்பாடுகளை ஆராய்ந்தார். காரின் க்னோர் செட்டினா ஆய்வுக்கூடங்களுக்குள் போய், இயற்பியலரும் உயிரியலரும் அறிவை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தார். 1972இல் நீங்கள் தொடங்கிய சமூகவியல் இதழ், இத்தனை தரப்புக்கும் பக்கம் கொடுத்தது.

எனக்கு மிக அருகில் இருப்பவர்கள் உங்கள் வளர்ச்சிச் சமூகவியலர்கள். ஹான்ஸ் டீட்டர் ஏவர்ஸ் பீலெஃபெல்டுக்கு வருவதற்கு முன் இலங்கையின் மத்தியப் பகுதியில் தங்கி, பௌத்த விகாரையையும் அதைச் சுற்றியிருந்த குடியானவர்களையும் ஆராய்ந்தவர். 1972இல் அது நூலாக வந்தது. அவரும் உடனிருந்தவர்களும் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள்: ஏழை நாடுகளின் நகரங்களில் வாங்கும் கூலி வயிற்றுக்குப் போதவில்லை, அப்படியிருந்தும் குடும்பம் எப்படி உயிரோடு இருக்கிறது? விடை, எந்தக் கணக்கிலும் ஏறாத உழைப்பில் இருந்தது. புழக்கடைக் கீரை, குளத்து மீன், பெண்கள் சமைப்பதும் துவைப்பதும் தைப்பதும். வெரோனிக்கா பென்ஹோல்ட் தோம்சனும் கிளாவுடியா ஃபான் வெர்ல்ஹோஃபும், கொலோனில் பணியாற்றிய மரியா மீஸுடன் சேர்ந்து அதைப் பெண்களின் பக்கமிருந்து எழுதினார்கள். மீஸ், ஆந்திரத்தின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பெண்கள் பின்னியது கடல் கடந்து ஏற்றுமதியானது. ஆனால் வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று சொல்லியே அவர்களுக்கு அற்பக் கூலி கொடுக்கப்பட்டது. அதைப் படித்தபோது, பீடி சுற்றிக்கொண்டே "நான் சும்மாதாம்மா வீட்டுல இருக்கேன்" என்று சொன்ன எத்தனையோ பெண்களின் வீட்டில் 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் நான் டிக் போட்டது நினைவுக்கு வந்தது.

இன்னும் இரு சமூகவியலரைச் சொல்ல வேண்டும். நோர்பர்ட் எலியாஸ் யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியை விட்டு ஓடியவர். அவர் தாய் நாஜிகளின் முகாமில் மடிந்தார். 1939இல் அவர் வெளியிட்ட பெருநூலை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. எண்பதை ஒட்டிய வயதில், 1978 முதல் 1984 வரை, உங்கள் பல்கலைக்கழகத்தின் பல்துறை ஆய்வு மையம் அவருக்குத் தங்கி எழுத இடம் கொடுத்தது. விரட்டிய நாட்டில் அவருக்கு ஒரு மேசை திரும்பக் கிடைத்தது. கியோர்க் சிம்மலோ உயிரோடு இருந்தபோது ஒதுக்கிவைக்கப்பட்டவர். யூத வழியில் வந்த அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி, இறப்பதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு, 1914இல்தான் கிடைத்தது. உங்கள் ஒட்ஹைன் ராம்ஸ்டெட், சிதறிக் கிடந்த அவர் எழுத்துகளைத் திரட்டி, 1989 தொடங்கி 2015 வரை 24 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அந்நியர் என்றால் வந்து போகிறவர் இல்லை, வந்து தங்கிவிட்டவர் என்று சிம்மல் சொன்னதை அந்தத் தொகுதிகளில் ஒன்றில்தான் படித்தேன். ஊருக்குப் புதியவளான எனக்கு, என் நிலைக்கு ஒரு பெயர் கிடைத்தது போலிருந்தது.

பொறுமை என்றால் கண்ணை மூடிக்கொண்டிருப்பது இல்லை என்பதையும் உங்கள் வளாகத்தில்தான் பார்த்தேன். வில்ஹெல்ம் ஹைட்மையர் தலைமையில் 1996இல் தொடங்கிய மோதல், வன்முறை ஆய்வு நிறுவனம், 2002 முதல் பத்து ஆண்டுகள், ஆண்டு தவறாமல் ஜெர்மானியர்களிடம் ஒரே விதமான கேள்விகளைக் கேட்டது. குடியேறியவர், யூதர், முஸ்லிம், வீடற்றவர், வேலையற்றவர் ஆகியோரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. ஒரு குழுவை வெறுப்பவர் இன்னொன்றையும் வெறுக்கச் சாய்கிறார், எல்லா வெறுப்புக்கும் அடியில் மனிதர் சமமில்லை என்ற ஒரே நம்பிக்கை ஓடுகிறது என்று அந்த ஆய்வு வெளியான பத்துத் தொகுதிகள் காட்டின. சாதி பார்க்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனால் அதை ஆண்டாண்டாக அளந்து மெய்ப்பிக்க முடியும் என்று தெரிந்தது பெரிய துணிச்சலைத் தந்தது.

நன்றி சொல்ல வந்தவள் ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். லூமானுக்குக் கிடைத்த 30 ஆண்டுகள், எனக்குக் கற்பித்த இளம் ஆய்வாளர்களுக்கு இல்லை. ஜெர்மன் சட்டப்படி முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பின் ஆறு ஆண்டுகள் என்ற வரம்புக்குள், அதுவும் துண்டு துண்டான ஒப்பந்தங்களில் அவர்கள் வேலை செய்கிறார்கள். 2021இல் நாடு முழுவதும் 'நான்தான் ஹன்னா' என்ற முழக்கத்தோடு ஆயிரக்கணக்கானோர் குரல் எழுப்பியது இதற்காகத்தான். என் ஆய்வேட்டை வரி வரியாகத் திருத்தியவர், அடுத்த பருவம் தனக்கு வேலை இருக்குமா என்று தெரியாமலேதான் திருத்தினார். அவருடைய பொறுமையை அவரே தன் கைக்காசு போல எடுத்துக் கொடுத்தார். சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று தெரியும். ஆனால் நேரம் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு உங்களைவிட நல்ல சாட்சி வேறு யார்? அந்தச் சாட்சியத்தை உரக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் தனியாக வாழும் முதியவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு பெரியவரிடம், "உங்க கதையை முதல்ல இருந்து சொல்லுங்கய்யா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் பேசினார். மனைவியின் பெயரைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். வாசலைப் பார்த்தார். அடுத்த கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் செம்பைக் கீழே வைத்தார், தொண்டையைச் செருமினார், பிறகு சொல்லத் தொடங்கினார்.

அந்த ஒரு நிமிடத்தை எனக்குக் கொடுத்தவர்கள் நீங்கள்.


உங்கள் பழைய மாணவி